நான் சோகைக்காரி ஆக்கிய கபடிக்காரி

நல்ல உடல்நலத்தோடு இருந்த ஒரு பெண்ணின் படத்தை எடுத்து, அவள் நலமாகத்தான் இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டே, சோகை பிடித்தவள் என்று புத்தகத்தில் போட்டவன் நான். அது அச்சுப்பிழை அல்ல. வடிவமைப்பாளர் படத்தை மாற்றி வைத்துவிடவும் இல்லை. நானே எடுத்தேன், நானே எழுதினேன், நானே சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

இளைஞர்களுக்கு உடல்நலமும் உணவும் பற்றிப் புத்தகம் எழுதும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களிடம் என் வெற்றிகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். யோசித்துப் பார்த்தேன். வெற்றி என்று சொல்ல அதிகமில்லை. ஊரிலுள்ள பிள்ளைகளையெல்லாம் கீரை தின்னச் சொல்லி எழுதிவிட்டு, அலுவலகத்துக்குக் கீழே இருந்த கடையில் தினமும் மாலை போண்டா தின்றவன் நான். ஆகவே தப்புகளையே சொல்கிறேன். அவைதான் கைவசம் நிறைய இருக்கின்றன.

முதலில் ஒரு சின்னத் தப்பு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு விடுதி மாணவர்களுக்கான புத்தகத்தில், ஒவ்வொரு கவளத்தையும் முப்பத்திரண்டு முறை மென்று விழுங்க வேண்டும் என்று எழுதினேன். யாரோ சொன்னதை யாரோ எழுத, அதைப் பார்த்து நானும் எழுதினேன். அந்த விடுதிப் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். எழுதியபடியே செய்தார்கள். மதிய இடைவேளை முடிந்து மணி அடித்தும் ஒருவனும் சோற்றைப் பாதி தாண்டவில்லை. வாயில் சோற்றோடு வகுப்புக்குப் போய், கணக்கு வாத்தியார் கேள்வி கேட்டபோது விரலால் சைகை காட்டியிருக்கிறார்கள், இன்னும் பதினொன்று பாக்கி என்று. விடுதிக் காப்பாளர் கோபமாக எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

அப்போது எங்கள் பதிப்பகத்தில் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்தவர் என்னைத் திட்டவில்லை. மறுநாள் மதியம் அலுவலகத்தில் எல்லோரையும் முப்பத்திரண்டு முறை மென்று சாப்பிடச் சொன்னார். அவரும் மென்றார். யாரும் யாரோடும் பேச முடியவில்லை. தொலைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது. தயிர்சாதத்தை முப்பத்திரண்டு முறை மெல்வது எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நாலாவது மெல்லலிலேயே அது நம்மை விட்டுப் போய்விடுகிறது. சாப்பாடு முடிந்தபோது மாலைத் தேநீர் வந்துவிட்டது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "உன்னால செய்ய முடியாததை இனி எழுதாதே" என்றார்.

அவருக்கு இன்னொரு விதியும் இருந்தது. புத்தகத்தில் ஒருவருடைய படத்தைப் போட்டால், அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு போய் அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, அவர் காதில் விழும்படி உரக்கப் படிக்க வேண்டும். தொண்டை அடைக்காமல் படித்து முடிக்க முடிந்தால் அச்சுக்கு அனுப்பலாம். நாங்கள் இந்த விதியைச் சலித்துக்கொண்டே கடைப்பிடித்தோம். அவர் ஓய்வு பெற்றுப் போன அடுத்த ஆண்டே நான் அதைக் கைவிட்டேன். நான் சொல்ல வந்த கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பள்ளிப் பிள்ளைகளுக்கான சத்துணவுப் புத்தகம் அது. நம் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஒரு பக்கத்தில் இரண்டு படம். ஒன்றின் மேல் பச்சையில் சரிக்குறி, இன்னொன்றின் மேல் சிவப்பில் பெருக்கல் குறி. இப்படி இருக்கலாம், இப்படி இருக்கக் கூடாது. இரும்புச்சத்துப் பக்கத்துக்குச் சரிக்குறிப் பிள்ளை சுலபமாகக் கிடைத்துவிட்டான். எங்கிருந்தோ விலைக்கு வாங்கிய படம். கொழுகொழுவென்று, எல்லாப் பல்லும் தெரிய எதையோ கடித்துக்கொண்டிருந்தான். பெருக்கல் குறிப் பிள்ளை மட்டும் நம் பகுதிப் பிள்ளையாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று கூட்டத்தில் முடிவு செய்தோம். நலமான பிள்ளை எங்கிருந்தும் வரலாம், நோஞ்சான் பிள்ளை மட்டும் உள்ளூர்க்காரியாக இருக்க வேண்டும் என்று நினைத்ததில் ஒருவருக்கும் கூச்சமில்லை. எனக்கும் இல்லை.

ஜவ்வாது மலையில் பள்ளிகளுக்கிடையே விளையாட்டுப் போட்டி நடக்கிறது என்று கேள்விப்பட்டுக் கேமராவோடு ஏறினேன். காலையிலிருந்து தேடினேன். ஒரு பிள்ளைகூடச் சோர்ந்து கிடைக்கவில்லை. ஓடுகிறார்கள், குதிக்கிறார்கள், பலாச்சுளை தின்றுவிட்டுக் கொட்டையால் ஒருவரையொருவர் அடித்துக்கொள்கிறார்கள். மலை முழுக்கப் பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள் என்பது மகிழ வேண்டிய செய்தி. நான் எரிச்சலடைந்தேன். அந்த இரும்புச்சத்துப் பக்கம் மறுநாளே அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

அப்போது திடலுக்கு வெளியே ஒரு சிறுபாலத்தருகே பேருந்து வந்து நின்றது. மலையடிவாரத்தில் படவேட்டுப் பக்கத்துப் பள்ளியின் கபடி அணி அதில் வந்தது. அந்த மலைப்பாதையின் வளைவுகள் பழகாதவர்களின் குடலைப் பிடித்துப் பிழிந்துவிடும். முதலில் இறங்கிய பெண் நேராகப் பாலத்துச் சுவருக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். பிறகு அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். வெளிறிய உதடு, உள்ளே போன கண், நெற்றியில் ஒட்டிய முடி. இவளைத்தான் காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்தேன்.

விளையாட்டு ஆசிரியரிடம் புத்தகத்துக்கு என்று சொல்லி அனுமதி கேட்டேன். அவர் பதறினார். "சார், அவ பஸ்ல வாந்தி எடுத்துட்டா சார், வேற ஒண்ணுமில்ல. எலுமிச்சம்பழத்த மோந்தா சரியாப்பூடும். எங்க டீமுக்கே அவதான் ரெய்டர். செத்த நேரம் கழிச்சி எடுங்களேன், நல்லா இருப்பா."

"பரவாயில்லை சார்" என்றேன்.

அந்தப் பெண் தலையைத் தூக்கி, "இன்னாத்துக்கு சார் போட்டோ?" என்று கேட்டாள்.

"புத்தகத்துல வரப்போகுதும்மா."

புத்தகம் என்றதும் அவள் முகம் மாறியது. தாவணி முனையால் வாயைத் துடைத்தாள். முடியை ஒதுக்கி நிமிர்ந்து உட்கார்ந்து சிரிக்கப் பார்த்தாள். நான், "சிரிக்காதேம்மா. முன்னாடி இருந்த மாதிரியே சாய்ஞ்சிக்கோ" என்றேன். சொன்னபடி சாய்ந்துகொண்டாள். எடுத்தேன். இந்த விவகாரத்தில் நான் செய்தவற்றுள் என்னை இன்றும் தூங்கவிடாமல் உறுத்துவது அந்த ஒரு வாக்கியம்தான். அவள் சிரித்தாள், நான் வேண்டாம் என்றேன்.

படத்துக்குக் கீழே ஒரு பெயரையும் கதையையும் கட்டினேன். 'இவள் குமுதா. காலையில் சாப்பிடாமல் பள்ளிக்கு வருவாள். கீரையைக் கண்டால் முகம் சுளிப்பாள். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். விளையாட்டு என்றாலே ஒதுங்கிவிடுவாள். நீங்களும் குமுதா ஆகாதீர்கள்!' கடைசி வரியை எல்லோரும் பாராட்டினார்கள். அந்தப் பக்கத்தைத் தனியாகப் பெரிய சுவரொட்டியாக்கிப் பள்ளிகளுக்கும் சுகாதார நிலையங்களுக்கும் ஆண்டுதோறும் அனுப்பினார்கள். படவேட்டுப் பக்கம் போய் எவர் கூடத்திலும் உட்கார்ந்து நான் அதைப் படிக்கவில்லை.

பல ஆண்டுகள் கழிந்தன. நான் ஓய்வு பெற்றேன். ஒரு நண்பர் பள்ளி நூலகத் திறப்புக்கு அழைத்தார் என்று மறுபடியும் மலை ஏறினேன். திரும்பும் வழியில் ஒரு சின்ன ஊரில் பசித்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். நான் ஒரு பெயரைக் கெடுத்ததே போதும். சாலையோரம் 'சாமை சாப்பாடு, களி' என்று எழுதிய கடை. உள்ளே ஈ ஓட்டக்கூட ஆள் இல்லை. ஓங்குதாங்கான ஒரு பெண் களிப்பானையை ஒற்றைக் கையால் இறக்கி வைத்தாள்.

"வாங்க பெரியவரே, குந்துங்க. களியா, சாம சோறா?"

களி கேட்டேன். மொச்சைக்கொட்டைக் குழம்பு ஊற்றினாள். இவ்வளவு நல்ல களியை நான் சாப்பிட்டதில்லை. களி உடம்புக்கு நல்லது என்று எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அது நாக்குக்கும் நல்லது என்று அன்றுதான் தெரிந்தது.

"இவ்வளவு நல்லா இருக்கே, கூட்டத்தைக் காணோமேம்மா?"

"கூட்டமா?" என்று கரண்டியை எதிர்ப்புறம் நீட்டினாள். "அத்த பாருங்க."

சாலைக்கு எதிரே துணை சுகாதார நிலையத்தின் சுவர். அதில் வெயிலில் சற்று வெளுத்த ஒரு சுவரொட்டி. கொழுகொழு பையன். பக்கத்தில் பாலத்துச் சுவரில் சாய்ந்த பெண். மேலே சிவப்புப் பெருக்கல் குறி. நீங்களும் குமுதா ஆகாதீர்கள்!

களி தொண்டையில் நின்றுவிட்டது. அவள் ஓடிவந்து என் உச்சந்தலையில் ரெண்டு தட்டு தட்டித் தண்ணீர் கொடுத்தாள். சோகைக்காரியின் தட்டு அல்ல அது. கழுத்து வரை அதிர்ந்தது.

"அது நாந்தாங்க. எம்பேரு சங்கீதா. பள்ளிக்கோடம் படிக்கறப்ப எந்த பேமானியோ போட்டோ புடிச்சி சோகைன்னு போட்டுட்டான். எங்க ஊர்லயே எவனும் என்ன சங்கீதான்னு கூப்டறதில்ல. இங்க வந்து கடை வெச்சா, இங்கயும் எதிர்லயே வந்து குந்திக்கினு கீது. சாப்பட வர்றவங்க செவுத்த பாக்கறாங்க, என்ன பாக்கறாங்க, திரும்ப செவுத்த பாக்கறாங்க. 'இந்தம்மா சமைக்கறத இந்தம்மாவே துன்னாது போல'ன்னு பக்கத்துக் கடையில பிஸ்கட்டு வாங்கிக்கினு பூடறாங்க."

அவள் கணவன் ஏழுமலை மலைக்கும் அடிவாரத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "நான் பொண்ணு பாக்கப் போனப்பவே எங்க மாமா சொன்னாருங்க. டேய், இது அந்த பொஸ்தகத்துப் பொண்ணுடா, நாலு படி ஏறுனா மூச்சு வாங்கும்டான்னு. கட்டிக்கினப்பறம் எனக்குத்தான் மூச்சு வாங்குது."

"நீ ஒண்ணும் சிரிக்காத" என்றாள் அவள். பிறகு என்னிடம், "ஆடி முடியற வரைக்கும் பாக்கறேன்னு சொல்லிக்கீறேங்க. அதுக்குள்ள ஆள் வரலன்னா கடைய மூடிட்டு கண்ணமங்கலத்துல இவுரு வூட்டுக்கே போய்ட வேண்டியதுதான். எனக்கு மனசே இல்ல. இது நான் பாத்துப் பாத்து வெச்ச கடை. நீங்க இன்னா வேல பாத்தீங்க?"

"எழுத்து வேலை."

"ஆபீஸ்லயா?"

"ஆமாம்மா."

பொய் சொல்லாமலே ஏமாற்றுவது எப்படி என்று நம் தொழில் கற்றுக் கொடுத்துவிடுகிறது. கவனமாக இருங்கள். இன்னொரு களி வாங்கினேன். பிறகு சாமைச்சோறு. பிறகு மறுபடியும் களி. 'அளவறிந்து உண்போம்' என்று தனி அத்தியாயமே எழுதியவன், குற்ற உணர்ச்சியால் வயிறு கல்லாகும் வரை தின்றேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "பாவம், வூட்டுல சோறு போடறதில்ல போல" என்று கணவனிடம் சொன்னது காதில் விழுந்தது.

அன்றிரவு ஊருக்குப் போகாமல் மலையிலேயே ஜமுனாமரத்தூரில் ஒரு விடுதியில் தங்கினேன். ஒரு யோசனை தோன்றியது. தப்பு செய்தவனுக்கு முதலில் தோன்றும் யோசனையைப் போல முட்டாள்தனமானது எதுவும் இல்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். விடிந்ததும் முதல் வண்டியில் போய், யாரும் வருவதற்குள் அந்தச் சுவரொட்டியைக் கிழித்துவிடலாம் என்பதுதான் அது. யாருக்கும் சொல்ல வேண்டாம். பிரச்சினையும் தீரும்.

எந்தப் பசையால் ஒட்டினார்களோ தெரியவில்லை, நகத்துக்கு மசியவில்லை. ஒரு மூலை கிளம்பியதும் பிடித்து இழுத்தேன். சர்ரென்று பாதி வந்தது. கையில் பார்த்தால் கொழுகொழு பையன். சுவரில் சங்கீதா மட்டும் பெருக்கல் குறியோடு அப்படியே நின்றாள். முன்பாவது பக்கத்தில் ஒரு துணை இருந்தது.

"யோவ்! இன்னா பண்ற அங்க?"

செவிலியர் சாவிக்கொத்தோடு நின்றிருந்தார். கிட்ட வந்து என் கண்ணாடியையும் சட்டையையும் பார்த்ததும் மரியாதை கொஞ்சம் கூடியது. "படிச்சவரு மாதிரி கீறீங்க, காலங்காத்தால போஸ்டர கிழிக்கறீங்களே! இத்த ஒட்டறதுக்கு நாங்க படற பாடு தெரியுமா?"

"இதை நான்தாம்மா எழுதினேன்."

"எழுதனவரு வந்து கிழிப்பாரா? நல்லா சொன்னீங்க. உங்க வூட்டு ஆளுங்க நம்பர் குடுங்க, வந்து கூட்டிக்கினு போவட்டும்."

சத்தம் கேட்டுச் சங்கீதா துடைப்பத்தோடு வெளியே வந்தாள். ஏழுமலையும் பல் துலக்கிக்கொண்டே வந்தான். நடுச்சாலையில், கையில் கிழிந்த பையனோடு, நான் உண்மையைச் சொன்னேன். முழுதாகச் சொல்லவில்லை. போட்டோ எடுத்தது நான், எழுதியது நான், தவறு நடந்துவிட்டது என்றேன். 'நடந்துவிட்டது' என்ற சொல்லைக் கவனியுங்கள். தவறு தானாக நடந்து மலை ஏறி வந்ததுபோல.

சங்கீதா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "எங்க பி.டி. சாரு அன்னிக்கி உங்ககிட்ட சொல்லலியா, நான் பஸ்ல வாந்தி எடுத்தேன்னு?"

இந்த இடத்தில் எனக்கு வசதியான ஒரு பதில் இருந்தது. சொல்லவில்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த ஆசிரியர் எங்கே இருக்கிறாரோ. பழி அவர் மேல் போயிருக்கும், நான் அவசரத்தில் ஏமாந்தவனாகியிருப்பேன், அவளுக்கும் மனம் கொஞ்சம் ஆறியிருக்கும். நாக்கு நுனிவரை வந்தது.

"சொன்னார்" என்றேன்.

"அப்ப தெரிஞ்சேதான் செஞ்சீங்க."

"ஆமாம்."

"நேத்து அவ்ளோ நேரம் குந்தி துன்னீங்களே. அப்ப வாயத் தெறந்து சொல்றதுக்கு இன்னா?"

"வாயில் களி இருந்தது" என்றேன். நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை, பயத்தில் வந்தது. ஏழுமலை பற்பசை நுரையோடு சிரித்துவிட்டான். அவள் பார்த்த பார்வையில் நுரையை விழுங்கினான்.

நான் கை கூப்பி மன்னிப்புக் கேட்டேன். அவள் துடைப்பத்தை மறுகைக்கு மாற்றினாள். "எங்கிட்ட கேட்டு இன்னா ஆவப்போவுது? எனக்குத் தெரியாதா நான் சோகை இல்லன்னு? தெரியாதவங்ககிட்ட போய் சொல்லுங்க. நாளைக்கி சந்தை. இதே செவுத்தாண்ட நில்லுங்க, வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் சொல்லுங்க."

மறுநாள் சந்தையில் நின்றேன். மேடையில் பேசிப் பழகியவன். ஆனால் மேடையில் நம்மை அழைத்தவர்கள் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். இங்கே சுவரோரம் நின்று, "ஐயா, அம்மா, இந்தப் படம் பொய்" என்று தொடங்கியதும் முதலில் நின்ற பெரியவர், "முட்டி வலிக்கு லேகியம் வெச்சிக்கீறியா?" என்று கேட்டார். லேகியம் விற்பவன் இல்லை என்று அவருக்கு விளக்குவதற்குள் நாலு பேர் கூடிவிட்டார்கள். கூட்டத்தைக் கண்டு இன்னும் பத்துப் பேர். பள்ளி விட்டு வந்த பெண்பிள்ளைகளும் நின்றார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பேருந்து, வாந்தி, கேமரா, சிரிக்காதே என்றது வரை. நன்றாகவே சொன்னேன் என்று நினைத்தேன்.

முடித்ததும் ஒரு பெண் கேட்டாள். "அப்ப கீரை நல்லதுன்னு போட்டுக்கீறதும் பொய்யா சார்?"

"இல்லம்மா, கீரை உண்மை."

இன்னொருத்தி முந்திக்கொண்டாள். "வாராவாரம் இரும்பு மாத்திர குடுக்கறாங்களே, அதுவும் இந்த பொஸ்தகத்துலதான கீது? அப்ப அதுவும் பொய்யி!"

"ஐ! இனிமே வேணாண்டி!" என்று எல்லோரும் கைதட்டினார்கள். ஒருத்தி பாவாடைப் பையிலிருந்த மாத்திரையை எடுத்துச் சாக்கடையை நோக்கிக் குறி பார்த்தாள்.

செவிலியர் வாசலிலிருந்து பாய்ந்து வந்தார். "நல்லாகீதுங்க உங்க மன்னிப்பு! ஒரு பொய்ய கழுவ வந்து பத்து நெசத்தையும் சேத்துக் கழுவிட்டீங்க. நான் வூடுவூடா போய் இதுங்கள முழுங்க வெக்கறதுக்குள்ள என் உசுரு போவுது!"

நான் விளக்கத் தொடங்கினேன். இரத்தச் சிவப்பணுக்களில் இரும்பின் பங்கு என்ன, வளரும் பருவத்துப் பெண்களுக்கு அது ஏன் தேவை என்று என் புத்தகத்தின் மொழியிலேயே பேசினேன். முதல் வரிசையில் ஒருத்தி கொட்டாவி விட்டாள், அது வரிசையாகப் பரவியது. நான் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் சொல்பவன் பொய்யன் என்று அப்போதுதான் நானே உரக்க அறிவித்திருந்தேன். நெருக்கடியில் என் தொழில் எனக்குக் கைகொடுக்காத நேரம் அது. அந்தப் பிள்ளைகள் நம்பக்கூடிய ஆள் ஒருத்தி எதிர்க்கடை வாசலில் கைகட்டி நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்காகப் பேசு என்று அவளைக் கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? கேட்கவில்லை. பேச்சை நிறுத்தினேன்.

மாத்திரைக்காரப் பெண்ணே திரும்பிக் கத்தினாள். "யக்கா! நீ இந்த மாத்திரய சாப்ட்டியா?"

சங்கீதா இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் என்னைத் தரைமட்டமாக்கியிருக்கலாம். சாலையைக் கடந்து வந்தாள். "சாப்டாம? எங்க டீமே சாப்ட்டோம். வெறும் வயித்துல போட்டா கொமட்டும்டி. சோத்தத் துன்னுட்டுப் போடு. அந்தாளு என்னப் பத்தி எழுதனதுதான் பொய்யி. மாத்திர இன்னா பண்ணிச்சி, பாவம்?"

"நெசமாவே கபடி ஆடுனியாக்கா?"

அவ்வளவுதான். முந்தானையை இழுத்துச் செருகினாள். களி கிண்டும் துடுப்பால் மண்ணில் ஒரு கோடு கிழித்தாள். "வாங்கடி, எத்தினி பேரு வர்றீங்க?"

எட்டுப் பெண்கள் கைகோத்து நின்றார்கள். சந்தை அப்படியே திரும்பி நின்றது. அவள் பாடிக்கொண்டே உள்ளே போன மூச்சு முடிவேனா என்றது. ஒருத்தியின் தோள், இன்னொருத்தியின் முழங்கை, காலைப் பிடிக்க விழுந்த மூன்றாமவளைத் தாண்டி ஒரு தாவல். ஒதுங்க இடமில்லாமல் ஓரத்தில் நின்ற என் நெஞ்சிலும் ஓர் அறை விழுந்தது. தக்காளிக் கூடையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்த பிறகும் மூச்சு வாங்காமல் என்னைக் காட்டி, "இவுரும் அவுட்டு" என்றாள்.

அந்தச் சூட்டோடு செவிலியர் ஒரு காரியம் செய்தார். இரத்தம் பார்க்கும் கருவியை வெளியே கொண்டுவந்து வைத்து, "இப்ப எல்லாரும் பாருங்க" என்று சங்கீதாவின் விரலைக் குத்தினார். அளவு நன்றாக இருந்தது. கூட்டம் விசிலடித்தது. பிறகு எழுதியவருக்கும் பார்த்துவிடலாம் என்று என் விரலையும் குத்தினார். கருவியைப் பார்த்தார். தட்டினார். மறுபடியும் பார்த்தார். என் கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தார்.

"பெரியவரே, உங்களுக்குத்தாங்க சோகை."

ஏழுமலை ஆட்டோ மேல் சாய்ந்து சிரித்த சிரிப்பில் அதன் ஹாரனே அடித்துவிட்டது. இரும்புச்சத்தைப் பற்றி ஊருக்கெல்லாம் எழுதியவன், பெண்பிள்ளைகளின் வரிசையில் கடைசி ஆளாக நின்று, அவர்கள் எண்ணிப் பார்க்க, மாத்திரையை விழுங்கினேன். சோறு தின்ற பிறகுதான். சங்கீதா அதில் கண்டிப்பாக இருந்தாள். சுவரில் மீதியிருந்த பாதிச் சுவரொட்டியைச் செவிலியரே எடுத்துவிட்டார். அன்றைக்கு அவள் கடையில் களிப்பானை இருட்டுவதற்குள் காலியானது.

ஊருக்கு வந்ததும் மருத்துவரைப் பார்த்தேன், பதிப்பகத்துக்கும் போனேன். சங்கீதாவின் படத்தை எல்லாப் பதிப்புகளிலிருந்தும் எடுக்கச் சொன்னேன். கட்டிய கதையையும். அங்கிருந்த இளம் பதிப்பாசிரியர் நியாயமாகவே கேட்டார், "அந்த இடத்தில் எந்தப் படத்தைப் போடுவது சார்?" என்று. என்னிடம் மருத்துவச் சான்றுள்ள ஒரு சோகை முகம் இருக்கிறதே என்றேன். என் படத்தைப் போட்டார்கள். கீழே என் சொந்தப் பெயர், உண்மையான அளவு, போண்டா விவரம் எல்லாவற்றையும் எழுதினேன். அச்சுக்கு அனுப்பும் முன் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து மனைவி காதில் விழும்படி உரக்கப் படித்தேன். இரண்டு இடத்தில் தொண்டை அடைத்தது. புத்தகம் வந்ததும் மைத்துனி சத்துமாவு டப்பாவோடு வந்து ஒரு மணி நேரம் அழுதாள்.

அந்த ஆடி முடிந்து இரண்டு ஆண்டும் ஓடிவிட்டது. சங்கீதா கடையை மூடவில்லை. ஆனால் கூட்டம் அலைமோதுகிறது என்று சொன்னால் அதுவும் புத்தகப் பொய்யாகிவிடும். சந்தை நாளில் நன்றாக ஓடுகிறது. மற்ற நாட்களில் பெண்பிள்ளைகள் வந்து ஒரு டீயை வாங்கி நாலு பேர் குடித்துக்கொண்டு, முகப்பரு ஏன் வருகிறது, மாதவிலக்கில் தலைக்குக் குளிக்கலாமா என்று அவளைக் கேட்கிறார்களாம். தெரியாததைச் செவிலியரிடம் கேட்டுச் சொல்கிறாளாம். அடுத்த மாதமும் கடை இருக்குமா என்பது அடுத்த மாதம்தான் தெரியும் என்கிறாள்.

போன மாதம் அவளே கூப்பிட்டாள். மன்னித்துவிட்டாளோ என்று ஓடிப்போய்த் தொலைபேசியை எடுத்தேன்.

"ஐயா, உங்க புது போஸ்டர நர்ஸம்மா எங்கடைக்கு எதிர்லயே ஒட்டிட்டாங்க. இவ்ளோ பெருசா உங்க மூஞ்சி. சாப்பட குந்தறவங்க பாத்துட்டு எழுந்து பூடறாங்க. அத்த பாத்தா எவனுக்கும் பசிக்க மாட்டுதுங்க. வந்து எடுங்க."

போனேன். இந்த முறை செவிலியரிடம் கேட்டு, வாளித் தண்ணீரும் துணியும் வாங்கி, நனைத்து நனைத்து முழுதாக உரித்தேன். சுவரொட்டி உள்ளே ஊசி போடும் அறைக்குப் போயிற்று. அங்கே யாருக்கும் எப்படியும் பசிக்காது. சங்கீதா கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு ஆண்டாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"மன்னிச்சிட்டியாம்மா?"

அவள் சுவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அதோ, மூலையில கொஞ்சம் ஒட்டிக்கினு கீது. அத்தையும் சுரண்டுங்க."

சுரண்டினேன்.